கொப்பரையும் கால் ஏக்கரும்: அயர்லாந்தின் பஞ்ச ஊர்கள் வழியே

கிளம்பும் முன்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் பஞ்சத்தின் தடம் பார்க்கப் போகிறவர்கள் பெரிய மாளிகையையோ கோட்டையையோ எதிர்பார்க்கக் கூடாது. புல் மூடிய ஒரு மேடு, பூச்செடி வைத்திருக்கும் ஓர் இரும்புக் கொப்பரை, பாதி மலையில் நின்றுபோன ஒரு சாலை, கூரையில்லாத கல்வீடுகள். என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் போனால் எல்லாமே மழையில் நனைந்த மேய்ச்சல் நிலமாகத்தான் தெரியும்.

காலம் 1845 முதல் 1852 வரை. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சமாகக் குறைந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள்; அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். காரணம் உருளைக்கிழங்கைத் தாக்கிய பின்கருகல் நோய். நீலகிரியில் கிழங்கு போடுகிறவர்கள் இன்றும் மருந்து அடித்துக்கொண்டிருக்கும் அதே நோய்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலையில் புள்ளி விழும், சில நாளில் வயலே கறுக்கும், மழைநீரோடு வித்துகள் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கை அழுகவைக்கும். தோண்டும்போது நன்றாக இருக்கும் கிழங்கு குழியில் சேமித்த பிறகு கூழாகிவிடும். ஏழைகள் பயிரிட்டது பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம். மோசமான மண்ணிலும் நிறையக் காய்க்கும், ஆனால் நோய் வந்தால் ஒரு செடி தப்பாது. உழைக்கும் ஓர் ஆள் ஒரு நாளைக்குத் தின்றது 12 முதல் 14 ராத்தல் கிழங்கு, ஏறக்குறைய 6 கிலோ. அதோடு மோர். வேறு சாப்பாடு அநேகமாகக் கிடையாது.

இந்தப் பயணத்தில் நோயைவிட நிவாரணத்தைத்தான் தேடிப் போகிறோம். ஊர்களில் பேச்சுக் கொடுத்தால் பசியைப் பற்றி இரண்டு வரி வரும். கஞ்சி எங்கே ஊற்றினார்கள், யார் ஊற்றினார்கள், வாங்குவதற்கு என்ன செய்யச் சொன்னார்கள் என்பது பற்றி அரைமணி நேரம் வரும்.

நாள் 1: ஸ்கிபரீன்

கார்க் நகரிலிருந்து என்71 சாலையில் தென்மேற்காக சுமார் 80 கிலோமீட்டர். பேருந்து உண்டு, எண் 237. ஊரில் முதலில் போக வேண்டிய இடம் பழைய எரிவாயு ஆலைக் கட்டடத்தில் இருக்கும் பாரம்பரிய மையம். குளிர்காலத்தில் மூடியிருக்கக்கூடும், கேட்டுக்கொண்டு போவது நல்லது. அதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்தால் தெருக்கள் புரியும்.

நிவாரணம் வந்த வரிசையிலேயே பார்க்கலாம். முதலில் வந்தது மக்காச்சோளம். அப்போது அயர்லாந்தை ஆண்ட பிரிட்டனின் பிரதமர் பீல் 1845 நவம்பரில் 1,00,000 பவுண்டுக்கு அமெரிக்காவில் சோளம் வாங்கச் செய்தார். வந்தது கல் மாதிரிக் கெட்டியான ரகம். சூளையில் உலர்த்தி, ஆறவிட்டு, இரண்டு முறை அரைத்தால்தான் வயிற்றுக்கு ஆகும். அயர்லாந்தின் மில்கள் ஓட்ஸ் அரைப்பதற்கு அமைந்தவை, இதற்குத் தோதுப்படவில்லை. இரண்டாவது அரைப்பு வீண்செலவு என்று லண்டன் கருவூலத்தில் தீர்மானித்தார்கள். அங்கே உட்கார்ந்து கணக்கை இறுக்கியவர் சார்லஸ் ட்ரெவெலியன். பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளில், 1859-ல், சென்னைக்கு ஆளுநராக வந்த அதே ட்ரெவெலியன்தான். சோளத்தைச் சமைக்கத் தெரியாதவர்கள் அரைவேக்காட்டில் தின்று வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். 'பீலின் கந்தகம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கிழங்கு தந்த வைட்டமின் சி சோளத்தில் இல்லாததால், வயிறு நிரம்பியவர்களுக்கும் ஸ்கர்வி வந்தது: ஈறு வீங்கி, கால் கறுத்தது.

அடுத்தது சாலை வேலை. 1846 இலையுதிர் காலத்தில் கிழங்கு முழுக்கப் போன பிறகு, சும்மா கொடுத்தால் சோம்பேறியாவார்கள் என்று வேலைக்குக் கூலி என்றார்கள். 1847 மார்ச்சில் நாடு முழுக்க 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் கல்லுடைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் ஏன் பலிக்கவில்லை என்று உடனே தெரியும். கூலி ஒரு நாளைக்கு 8 முதல் 10 பென்ஸ். அந்தக் குளிர்காலத்தில் சோளமாவு ராத்தல் இரண்டரை பென்ஸ் வரை போனது. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு ராத்தல் மாவு; அதுவும் மழை, பனி என்று வேலை நின்றால் இல்லை. கூலி உடைத்த கல்லின் அளவுக்கு என்பதால், பலமில்லாதவனுக்குக் குறைந்த காசு, குறைந்த காசுக்குக் குறைந்த சோறு, மறுநாள் இன்னும் குறைந்த பலம். இதற்குமேல், சம்பளக் குமாஸ்தாக்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள். சில்லறை வெள்ளிக்காசும் கிடைக்காது. ஸ்கிபரீனுக்கு வடக்கே கஹேராவில் டெனிஸ் மெக்கென்னடி என்பவர் 1846 அக்டோபர் 24 அன்று சாலை வேலையிலேயே விழுந்து இறந்தார். இரண்டு வாரக் கூலி பாக்கி. சவ விசாரணை நடுவர்கள் பட்டினிச் சாவு என்றதோடு நிற்காமல், பொதுப்பணி வாரியத்தின் அலட்சியம்தான் காரணம் என்றும் எழுதிவைத்தார்கள். கடையில் மாவு இருந்தது, வாங்கக் காசு இல்லை. ஸ்கிபரீனின் சந்தை நாட்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் கஞ்சித்தொட்டி. அரசு விழித்துக்கொள்வதற்கு முன்பே, 1846 நவம்பரில், ஊர்க்காரர்கள் இங்கே நீராவி மில் கட்டடத்தில் சூப்புக் கொப்பரை வைத்துவிட்டார்கள். அதே மாதம் டப்ளினில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் மத்தியக் குழு அமைத்து, ஊர் ஊராகக் கொப்பரைகளை அனுப்பத் தொடங்கினார்கள். மேற்குக் கரையில் இன்றும் கண்ணில் படும் வார்ப்பிரும்புக் கொப்பரைகளில் பல அந்த வகை. நூறு கேலன் அளவில், குட்டைக் கால்களோடு இருக்கும். நிறையக் கொப்பரைகளில் விரிசல் தெரியும். வார்ப்பிரும்பு சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படித்தான் ஆகும். பஞ்சம் போன பிறகு அவை மாட்டுத் தொட்டிகளாயின.

சூப்பின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனின் புகழ்பெற்ற சமையல்காரர் அலெக்ஸிஸ் சொயே 1847 ஏப்ரலில் டப்ளினில் மாதிரிக் கஞ்சித்தொட்டி திறந்தார். 300 கேலன் கொதிகலன், மேசையில் பதித்த கிண்ணங்கள், சங்கிலி கட்டிய கரண்டிகள். மணி அடித்தால் ஒரு கூட்டம் உள்ளே வரும், மறுபடி அடித்தால் வெளியேற வேண்டும். அவர் சொன்ன அளவு: இரண்டு கேலன் தண்ணீருக்குக் கால் ராத்தல் மாட்டிறைச்சி, அரை ராத்தல் மாவு, அரை ராத்தல் பார்லி, இரண்டு வெங்காயம், கொஞ்சம் கொழுப்பு, உப்பு, சர்க்கரை. 9 லிட்டர் தண்ணீரில் 113 கிராம் இறைச்சி. நூறு கேலன் ஒரு பவுண்டுக்குள் முடிந்துவிடும் என்று பெருமைப்பட்டார். அது உண்மைதான். வயிற்றுப்போக்கில் கிடந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர் என்ன பலம் தரும் என்று மருத்துவர்கள் கேட்டதும் உண்மை.

மாலையில் ஊருக்கு மேற்கே ஐலன் ஆற்றோரம் ஏபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். நடந்தே போகும் தூரம், ஆனால் சாலையில் நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை. புல்வெளியாக விட்டிருக்கும் பகுதிதான் பொதுக்குழி. 8,000 முதல் 10,000 பேர் வரை பெட்டியில்லாமல் அங்கே கிடக்கிறார்கள். அடிப்பலகை கீலில் திறக்கும் ஒரே சவப்பெட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். டாம் கெரின் என்ற சிறுவனை இறந்துவிட்டான் என்று குழியில் போட்டு, மண்வெட்டி பட்டுக் கால் முறிந்தபோது முனகியதால் காப்பாற்றினார்கள் என்ற கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். முறிந்த காலோடு முதுமை வரை இதே ஊர்ப்பக்கம் நடமாடியவர் என்பதால், அது இங்கே வெறும் பாட்டிக் கதையாக நிற்கவில்லை.

1847 பிப்ரவரியில் ஓவியர் ஜேம்ஸ் மஹோனி வரைந்து லண்டன் படப் பத்திரிகையில் வந்த படங்கள்தான் ஸ்கிபரீன் பெயரை உலகுக்குச் சொன்னவை. அதே சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பார்க்க வந்த இளைஞர் டஃப்ரின் பிரபு, பிற்பாடு இந்தியாவின் வைஸ்ராய் ஆனார்.

நாள் 2: மிடில்டன்

கார்க்குக்குக் கிழக்கே சின்ன ஊர். பெய்லிக் பூங்காவில் ஆறு மீட்டர் உயரத்தில் ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நிற்கின்றன. அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் 1847 மார்ச்சில் அயர்லாந்துக்கு அனுப்பிய 170 டாலருக்கு நன்றி. அவர்களே தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழிநெடுகச் செத்து, ஓக்லஹோமாவில் குடியமர்ந்து அப்போது இருபது ஆண்டுகூட ஆகவில்லை.

வெளிநாட்டு உதவியில் பெரிது பாஸ்டனிலிருந்து வந்தது: அமெரிக்கப் போர்க்கப்பல் ஜேம்ஸ்டவுன் சுமார் 800 டன் உணவோடு 1847 மார்ச் 28 அன்று கிளம்பி ஏப்ரல் 12-ல் கார்க் துறைமுகம் சேர்ந்தது. துருக்கி சுல்தான் 1,000 பவுண்டு கொடுத்தார். கல்கத்தாவில் திரட்டிய நிதி ஏறக்குறைய 14,000 பவுண்டு. அங்கே பட்டாளத்தில் இருந்த ஐரிஷ்காரர்களின் பங்கும் அதில் இருந்தது. இவ்வளவும் சேர்ந்தாலும் தேவையில் ஒரு மூலைக்குத்தான் காணும். ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்த பணம் என்பதால் ஊர்கள் இதற்குச் சிலை வைக்கின்றன. கருவூலம் செலவழித்ததோ லட்சக்கணக்கான பவுண்டு. அதற்கு ஒரு ஊரிலும் சிலை கிடையாது.

பார்க்க அரைமணி போதும். மதியத்துக்குள் கிளம்பினால் மாலைக்குள் போர்ட்டும்னா.

நாள் 3: போர்ட்டும்னா

கால்வே மாவட்டத்தின் கிழக்கு ஓரம், ஷானன் ஆறு பெரிய ஏரியில் விழும் இடம். இங்கே ஒரு ஒர்க்ஹவுஸ், அதாவது வேலை வாங்கிக்கொண்டு சோறுபோடும் ஏழைகள் விடுதி, ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. மற்ற பல ஊர்களில் இடித்துவிட்டார்கள், அல்லது மருத்துவமனையாக்கிவிட்டார்கள். வழிகாட்டியோடு போவது அவசியம். இல்லாவிட்டால் காலியான அறைகளாகத்தான் தெரியும்.

1838 ஏழைச் சட்டப்படி நாட்டை 130 வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒன்று கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டடக்கலைஞர், ஜார்ஜ் வில்கின்சன், ஒரே வரைபடம். வாசலை ஒட்டிச் சேர்க்கைக் கட்டடம், பின்னால் நீண்ட விடுதி, கடைசியில் நோயாளிப் பகுதி. சுவரில் பூச்சு இல்லை, வெறும் சுண்ணாம்பு. தரைத்தளத்தில் பலகை இல்லை. மாடியில் கட்டிலுக்குப் பதில் இருபுறமும் நீளமான மரமேடை, நடுவில் நடக்கப் பள்ளம். மேடையில் வைக்கோல் மெத்தையைப் பரப்பி வரிசையாகப் படுக்க வேண்டியதுதான். வெளியே இருக்கும் மிக ஏழையின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பது கசக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். வில்கின்சன் அதைக் கல்லில் செய்து காட்டினார்.

சேர்க்கை நடைமுறை இப்படி. குடும்பம் முழுதாக வந்தால்தான் சேர்ப்பார்கள். தகப்பனை வெளியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் அனுப்ப முடியாது. உள்ளே வந்ததும் துணியை வாங்கிக்கொண்டு சீருடை. பிறகு ஆண், பெண், சிறுவர், சிறுமியர் என்று நான்கு முற்றங்கள், நடுவே உயரமான சுவர். மனைவியைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். இதனாலேயே கடைசிவரை வராமல் குடிசையிலேயே செத்தவர்கள் ஏராளம். வந்தவர்களுக்குக் காத்திருந்தது காய்ச்சல். பேன் மூலம் பரவும் டைஃபஸ்; ஒரே மேடையில் நெருக்கிப் படுத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? பட்டினியால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம்.

போர்ட்டும்னாவில் ஒரு வேடிக்கை உண்டு, சிரிப்பு வராத வேடிக்கை. பஞ்ச காலத்தில் வட்டங்களைப் பிரித்து 163 ஆக்கியபோது உருவான புதிய விடுதிகளில் இது ஒன்று. 600 பேருக்காகக் கட்டினார்கள். திறந்தது 1852-ல். கட்டடம் தயாரானபோது வர வேண்டியவர்கள் குழியிலும் கப்பலிலும் இருந்தார்கள்.

நாள் 4: கூல் பார்க், எனிஸ்டைமன்

கோர்ட் ஊருக்கு வெளியே கூல் பார்க். இலக்கிய வாசகர்கள் நாடகாசிரியர் லேடி கிரெகரிக்காகவும் கவிஞர் யேட்ஸுக்காகவும் வருவார்கள். மாளிகையை 1941-ல் இடித்துவிட்டார்கள். அடித்தளமும் காடும் ஏரியும் இருக்கின்றன. நமக்கு முக்கியம் லேடி கிரெகரியின் கணவர் வில்லியம் கிரெகரி. டப்ளின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, 1847 ஏழைச் சட்டத் திருத்தத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கவைத்தார்: கால் ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது.

கால் ஏக்கர் என்றால் நம் கணக்கில் 25 சென்ட். குத்தகை நிலம்தான், சொந்தமல்ல. அதை விட்டுக்கொடுத்தால் கஞ்சி, வைத்துக்கொண்டால் பட்டினி. நிலத்தை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதும் என்று சட்டம் சொன்னாலும், பல ஜமீன்தார்களின் ஆட்கள் வீட்டையும் கேட்டார்கள். குடும்பம் ஒர்க்ஹவுஸுக்குள் போன அன்றே கூரையைப் பிரித்தார்கள். திரும்பி வந்தாலும் ஒண்ட இடமில்லை. பிடிவாதமாக நிலத்தைக் கொடுக்காத தகப்பன்களின் மனைவி மக்களுக்காவது கஞ்சி கொடுக்கலாம் என்று அதிகாரிகள் ஒத்துக்கொள்ள 1848 ஆயிற்று.

கிரெகரி தன் சொந்தக் குடியானவர்களிடம் கடுமையாக நடந்தவர் அல்ல என்றே இந்தப் பக்கம் சொல்கிறார்கள். அவர் பெயர் சட்டப்பிரிவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். பிற்பாடு 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். நுவரெலியாவில் படகு விடுகிறார்களே, கிரெகரி ஏரி, அது இவர் பெயர். தாது வருடப் பஞ்சத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனபோது அங்கே ஆண்டவரும் இவரே.

மதியம் கிளேர் மாவட்டத்தின் எனிஸ்டைமன். பழைய ஒர்க்ஹவுஸ் இடத்தில் இப்போது மருத்துவமனை. எதிரே 1995-ல் திறந்த நினைவுச் சின்னம். ஒரு கதவு, அதன்முன் ஒரு சிறுவன். 1848 பிப்ரவரியில் ஒர்க்ஹவுஸ் வாசலில் விடப்பட்ட மைக்கேல் ரைஸ் என்ற நான்கு வயதுப் பையனோடு ஒரு சீட்டு இருந்தது. தகப்பன் போன வருடம் இறந்தான், தாய் புதன் இரவு இறந்தாள், பெட்டியில்லாமல் புதைக்கப்போகிறார்கள், பையனைச் சேர்க்காவிட்டால் பட்டினியில் சாவான் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் ஒரு காவலர். அந்த வாசகம் அப்படியே சின்னத்தில் இருக்கிறது. சாலை ஓரம் என்பதால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முன்பே பார்த்துக்கொள்ளவும்.

நாள் 5: கில்லரி, டூலோ கணவாய்

இன்றைக்கு மழைச்சட்டையும் நல்ல பூட்ஸும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். தின்பதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. (பஞ்சத்தில் செத்தவர்கள் விழுந்த இடத்தில் முளைக்கும் புல்லை மிதித்தால் திடீர்ப் பசி வந்து கால் துவளும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மடியில் ஒரு ஓட்ஸ் ரொட்டித் துண்டு வைத்திருக்கச் சொல்வார்கள். நம்பாதவர்களும் வைத்துக்கொள்ளலாம், ஏற்றம் கடுமை.)

காலையில் கில்லரி கழிமுகத்தின் தென்கரை. ரோஸ்ரோ துறைப்பக்கமிருந்து தண்ணீரை ஒட்டிப் பச்சைப் பாதை ஒன்று போகிறது. பஞ்ச நிவாரண வேலையாகப் போட்டது என்பார்கள். வழியில் ஃபோஹர் என்ற கைவிட்ட கிராமம். சுவர்கள் மட்டும். ஈரக்கல் வழுக்கும், சுவர்மேல் ஏற வேண்டாம்.

இங்கே தலையைத் தூக்கி மலைச்சரிவைப் பாருங்கள். இணையிணையாக வரி வரியாக மேடுகள் தெரியும். அவை உருளைக்கிழங்கு மேட்டுப்பாத்திகள். உச்சி வெயிலில் தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழும்போதுதான் எடுத்துக்காட்டும். போடும் முறை எளிது. புல்தரையைக் கிளறாமல் அதன்மேலேயே நான்கடி அகலத்துக்கு எருவோ கடற்பாசியோ பரப்புவார்கள். அதன்மேல் விதைக்கிழங்குத் துண்டுகள். பாத்தியின் இருபுறமும், ஒற்றைக் கால்மிதி உள்ள நீண்ட மண்வெட்டியால் புல்கட்டியை வெட்டி, புல்பக்கம் கீழாகப் பாத்திமேல் புரட்டிப் போடுவார்கள். வெட்டிய இடம் வாய்க்காலாகும், மழைநீர் வடியும். செடி வளர்ந்ததும் வாய்க்கால் மண்ணை அள்ளி அணைப்பது. மாடும் கலப்பையும் ஏறாத சரிவில் ஒரு குடும்பம் பிழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆங்கிலேயர்கள் இதைச் சோம்பேறிப் பாத்தி என்றார்கள். ஒரு நாள் வெட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது. மலையில் எவ்வளவு உயரம் வரை வரிகள் ஏறுகின்றன என்று கவனியுங்கள். 1840-களில் நிலத்துக்கு எவ்வளவு நெருக்கடி என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

மதியம் லீனான் வழியாகச் சுற்றி மேயோ மாவட்டத்துக்குள். டெல்ஃபியிலிருந்து லூயிஸ்பர்க் வரை ஆர்335 சாலை, ஏறக்குறைய 19 கிலோமீட்டர், டூலோ ஏரியை ஒட்டி. ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும், மெதுவாக ஓட்டவும்.

நடந்தது இது. 1849 மார்ச் 30 அன்று, நிவாரணப் பட்டியலில் இருந்தவர்கள் லூயிஸ்பர்க்கில் மேற்பார்வைக்காகக் கூடினார்கள். வந்த அதிகாரிகள் ஆய்வு செய்யாமலே டெல்ஃபி வேட்டை விடுதிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அங்கே வர வேண்டும், வராதவர்கள் பெயர் அடிபடும் என்று சொல்லிவிட்டார்கள். பட்டினி கிடந்தவர்கள், பிள்ளைகள் உட்பட, இரவோடு நடந்தார்கள். அப்போது இந்தச் சாலை இல்லை. ஆட்டுத்தடமும் ஆறு கடப்பதும்தான். அதிகாரிகள் மதிய உணவில் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்று சொன்னதாக ஊரில் சொல்வார்கள். கடைசியில் ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் காற்றும் ஆலங்கட்டி மழையும். வழியிலேயே விழுந்தார்கள்.

எத்தனை பேர்? அடுத்த மாதம் மேயோ பத்திரிகைக்கு வந்த கடிதத்தில் இருப்பது இருபதுக்கும் குறைவு. ஊர்வழக்கில் நூற்றுக்கணக்கில். இரண்டுக்கும் நடுவே வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் கருத்து: ஊர் எண்ணை நம்பாவிட்டாலும் ஊர் சொல்லும் மற்ற விவரங்களைத் தள்ள முடியாது. வரச்சொன்னது, அலையவிட்டது, அனுப்பிவிட்டது ஆகிய மூன்றிலும் கடிதமும் வாய்மொழியும் ஒத்துப்போகின்றன.

கணவாயில் எளிய கல்சிலுவை நிற்கிறது. இன்னொரு கல்லில் காந்தியின் வாசகம்: சக மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை கொள்கிறார்கள் என்ற கேள்வி. 1988 முதல் ஆண்டுதோறும் இந்த வழியில் பஞ்ச நினைவு நடை நடக்கிறது. 1991-ல் தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டூட்டு நடந்தார். சாக்டா மக்களும் வந்து நடந்திருக்கிறார்கள்.

நாள் 6: அகில் தீவு

பாலம் உண்டு, படகு தேவையில்லை. ஸ்லீவ்மோர் மலையடியில் ஒரு மைலுக்கு மேல் நீளும் கைவிட்ட கிராமம், நூறுக்குச் சற்றுக் குறைவான கல்வீடுகள். இதைப் பஞ்சம் காலிசெய்த ஊர் என்று பலகைகளும் பயண வலைத்தளங்களும் ஒரே வரியில் சொல்லிவிடும். அவ்வளவு நேரானதல்ல. பஞ்சத்துக்குப் பிறகும் இந்த வீடுகளைக் கோடைக்கால மேய்ச்சலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பக்கத்தில் டூகர்ட். பாதிரியார் எட்வர்ட் நேங்கிள் 1830-களில் புராட்டஸ்டண்ட் குடியிருப்பு அமைத்த இடம். பஞ்சத்தில் அவருடைய பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். பள்ளியில் கற்பித்தது அவர்கள் மதம். உயிர்தான் முக்கியம் என்று அனுப்பியவர்கள் உண்டு, அனுப்ப மாட்டேன் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. சூப்புக்காக மதம் மாறியவன் என்ற வசவு, அயர்லாந்தில் மூன்று நான்கு தலைமுறை தாண்டியும் குடும்பங்கள்மேல் நின்றது. பெண் கொடுக்க யோசித்தார்கள். இன்றைக்கும் எந்தக் குடும்பம் என்று தீவில் கேட்டுவிடாதீர்கள். நல்ல பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

மதம் கேட்காமல் கொடுத்த குவேக்கர்களை மட்டும் எல்லோரும் நல்லபடியாகச் சொல்வார்கள். கஞ்சியோடு நிற்காமல், அடுத்த பருவத்துக்கு நூக்கல் மாதிரியான டர்னிப் விதையையும் விநியோகித்தார்கள். கிழங்கு நோய் அதைத் தொடாது என்ற கணக்கு.

1847 கோடையில் அரசும் ஒருவழியாக நிபந்தனையில்லாத கஞ்சிக்கு வந்தது. சாலை வேலையை மூடிவிட்டு, ஏழைகளுக்கு நேரடியாகச் சமைத்த உணவு. ஓர் ஆளுக்கு ஒரு ராத்தல் மாவு, அல்லது ஒன்றரை ராத்தல் ரொட்டி, அல்லது கெட்டியான சூப்பும் கொஞ்சம் ரொட்டியும். ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி. பச்சை மாவாகக் கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள் என்று சோளமும் அரிசியும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சினார்கள். ஜூலையில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். முழுப் பஞ்சத்திலும் மற்ற எல்லா ஏற்பாட்டையும்விடச் செலவு குறைந்தது, பலன் அதிகமானது இதுதான். இலையுதிர் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு கிழங்கில் நோய் குறைவாக இருந்தது, ஆகவே பஞ்சம் முடிந்தது என்றார்கள். விதைக்கிழங்கைத் தின்றுவிட்டவர்கள் போட்டிருந்த பரப்பே சிறிது என்பதைப் பார்க்கவில்லை. 1848-ல் நோய் முழு வேகத்தில் திரும்பியது. கஞ்சித்தொட்டி திரும்பவில்லை, ஒர்க்ஹவுஸும் கால் ஏக்கரும்தான் இருந்தன.

நாள் 7: ஸ்ட்ரோக்ஸ்டவுன்

ராஸ்காமன் மாவட்டம், நாட்டின் நடுப்பகுதி. மஹோன் ஜமீன் மாளிகையில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம், 1994 முதல். ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். மாளிகையை வாங்கியவர்கள் அலுவலக அறையில் ஆயிரக்கணக்கான ஜமீன் காகிதங்களைக் கண்டெடுத்தார்கள். அருங்காட்சியகமே அதிலிருந்து பிறந்தது. குளூனாஹீ கிராமத்தார் 1846 ஆகஸ்டில் கொடுத்த மனுவைத் தவறாமல் படியுங்கள். பிச்சை கேட்கவில்லை, வேலை கேட்கிறார்கள். சட்டத்தை மீறும் எண்ணம் எங்களுக்கு இல்லை, பசி நெட்டித்தள்ளாதவரை என்று மரியாதையாக எச்சரிக்கிறார்கள்.

ஜமீன்தார் மேஜர் டெனிஸ் மஹோனின் காரியஸ்தர் ஒரு கணக்குப் போட்டார். வாடகை தராத குடியானவர்களை ஒர்க்ஹவுஸில் ஓராண்டு வைத்துக் காப்பாற்ற ஜமீன் கட்ட வேண்டிய வரியில் பாதிச் செலவிலேயே அவர்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றிவிடலாம். 1847 மே மாதத்தில் 1,490 பேர் டப்ளினுக்கு நடந்தார்கள். வழியில் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஜமீன் ஆள் ஒருவர் கூடவே போனார். டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து கியூபெக். நான்கு கப்பல்களில் மோசமானது வர்ஜீனியஸ்: 476 பேரில் 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். மலிவான கப்பல், அடித்தட்டில் நெரிசல், ஏறும்போதே காய்ச்சல். செய்தி ஊருக்கு வந்தது. நவம்பர் 2 அன்று மஹோனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் இறந்த சேதி கேட்டு அன்றிரவு குன்றுகளில் தீ மூட்டிக் கொண்டாடினார்கள் என்பது இரு தரப்பும் மறுக்காத விஷயம்.

அவர்கள் நடந்த வழி இப்போது 165 கிலோமீட்டர் நடைபாதையாக, மாளிகை வாசலிலிருந்து டப்ளின் துறைமுகம் வரை இருக்கிறது. வழியில் ஆங்காங்கே வெண்கலக் குழந்தைச் செருப்புகள். பாழடைந்த ஒரு வீட்டின் கூரையில் கிடைத்த 19-ஆம் நூற்றாண்டுச் செருப்பின் மாதிரி. முத்திரை குத்திக்கொள்ள ஒரு கடவுச்சீட்டுப் புத்தகமும் தருகிறார்கள். தொடக்கப் பகுதி சாதாரணச் சாலை, வண்டிகள் வரும், பளிச்சென்ற நிறத்தில் மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். குளூண்டாராவில் ராயல் கால்வாய் சேர்ந்த பிறகு கரையோரம் சமதளம். சைக்கிளில் போகிறவர்களுக்கு மூன்று நாள் தாராளம். மல்லிங்கர், மேனூத் இரண்டிலும் ரயில் நிலையம் இருப்பதால் பாதியில் ஏறிவிடவும் முடியும். தங்குமிடம் கால்வாய்க் கரையில் தொடர்ச்சியாகக் கிடைக்காது. முதல் இரண்டு இரவுக்கு முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்பவும்.